மடக்கின விரல்

வா, இந்தப் பக்கம் தலை வெச்சுப் படு நேத்ரா. கரண்ட் போனா போகட்டும், பெரியம்மா கையில விசிறி இருக்கு. ஜன்னல்ல ஈரத்துண்டு போட்டிருக்கேன். காத்து வந்தா குளுகுளுன்னு வரும், வரலைன்னா நம்ம தலையெழுத்து. மாடிக்குப் போறேன்னு மட்டும் ஆரம்பிக்காத. சித்திரை வெயில்ல உச்சிப்பொழுதுல செடிக்குத் தண்ணி ஊத்தக் கூடாது. தொட்டி மண்ணு கொதிச்சுக் கிடக்கும், வேர் வெந்து போயிடும். சாயந்திரம் ஊத்திக்கலாம்.

ஊத்திட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போறோம். உங்கம்மா வழி பாத்துட்டே இருப்பா. தம்பி பொறந்து மூணு நாளாச்சு, அக்காகாரி இன்னும் போய் முகத்தைப் பாக்கல. சரி, சரி, அந்தப் பக்கம் திரும்பிக்காத. காலைலேர்ந்து "நான் வரல, நான் வரல"ன்னு சொல்ற. ஏன்டின்னு கேட்டா வாய்ல கொழுக்கட்டை. நான் இனிமே கேக்கல, போதுமா? ஆனா ஒண்ணு பாத்தேன். மத்தியானம் ஆள்காட்டி விரலை உள்ள மடக்கிக்கிட்டு, மிச்ச விரலால ரசஞ்சோத்தை அள்ளின. பாதி சோறு பாவாடைல. அதையும் நான் கேக்கல. கதை சொல்றேன், நீ "ம்" கொட்டணும். "ம்" நின்னுபோச்சுன்னா நானும் தூங்கிடுவேன், அப்புறம் கதை பாதியில தொங்கும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு மொட்டை மாடி இருந்துச்சாம்.

"ராஜாதான பெரிம்மா இருப்பாரு?"

ராஜா வெயில் தாங்காம மலைமேல போய் உக்காந்துக்கிட்டாரு. மாடியால நகர முடியுமா, அது அங்கயேதான் இருந்துச்சு. எப்பேர்ப்பட்ட மாடி தெரியுமா, காலை வெச்சா "ஆ, ஆ, ஆ"ன்னு குதிச்சுக் குதிச்சுத்தான் போகணும். அந்த மாடியில கோமளம்னு ஒருத்தி தோட்டம் போட்டிருந்தா. உடைஞ்ச வாளி, பெயிண்ட் டப்பா, அரிசிச் சாக்கு, கைல என்ன கிடைச்சாலும் மண்ணைப் போட்டு விதையைப் போட்டுடுவா. ஒரு சாக்குல முளைக்கீரை, வரிசையா நாலு வாளியில வெண்டை, ஒரு பெரிய தொட்டியில கறிவேப்பிலை. மூலையில ஒரு நீல டிரம்மு, அதுல பரங்கிக் கொடி. கை நல்ல கைதான் அவளுக்கு, வாய்தான் கொஞ்சம் நீளம்.

"உன்ன மாதிரியா?"

என்னை மாதிரியேதான். குறுக்க பேசாத. அந்தக் கோமளத்துக்கு அண்ணன் பொண்ணு ஒருத்தி, பேரு வஞ்சி. உன் வயசு, உன் உயரம், முன்பல்லு ரெண்டு இல்ல. ஸ்கூல் லீவு விட்டா போதும், அத்தை பின்னாடியே திரிவா. சாயந்திரம் ஆனா ரெண்டு பேரும் குடத்தைத் தூக்கிட்டு மாடிக்கு ஏறுவாங்க. முதல்ல தரையில ஒரு சொம்பு தண்ணி தெளிப்பாங்க. "ஸ்ஸ்ஸ்ஸ்"னு ஒரு சத்தம் வரும் பாரு, தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சாப்ல. அப்புறம் மண்ணு வாசம் கிளம்பும். அப்புறம்தான் செடிக்கு. இலைமேல கொட்டாம, அடியில, மெள்ள மெள்ள, மண்ணு "களக் களக்"னு குடிக்கறது கேக்கற மாதிரி ஊத்தணும். ஊத்தி முடிச்சதும் ஒரு பிஞ்சு வெண்டைக்காயை ஒடிச்சு, "மொறுக்"னு ஆளுக்குப் பாதி. அந்த நேரம் காவேரிப் பக்கத்துலேர்ந்து ஒரு காத்து வரும். வஞ்சிக்கு நாள் பூரா அதுக்குத்தான் காத்திருக்கறது.

"ம்."

அப்போ ஒருநாள் பரங்கிக் கொடியில ஒரு பிஞ்சு. கோலிக்குண்டு அளவு, பச்சைப் பசேல்னு, தலையில ஒரு மஞ்சப் பூ வெச்சுக்கிட்டு. வஞ்சிக்குத் தலைகால் புரியல. "அத்தே, அதோ பாரு"ன்னு விரலை நீட்டிக் காட்டினா.

கோமளம் பாஞ்சு வந்தா. "அடியேய், பிஞ்சை விரல் நீட்டிக் காட்டாதடி, அழுகிப் போயிடும். காட்டணும்னா விரலை மடக்கிக் காட்டு"ன்னா. அவளுக்கு அவங்கம்மா சொன்னது, அவங்கம்மாவுக்கு அவங்கம்மா சொன்னது. வழிவழியா வர்ற பேச்சு.

ஒருநாள் போச்சு. ரெண்டு நாள் போச்சு. மூணாம் நாள் காலைல போய்ப் பாத்தா, அந்தப் பிஞ்சு மஞ்சளடிச்சு, கொழகொழன்னு ஆகி, தொடறதுக்கு முன்னாடியே "பொத்". கீழ விழுந்துபோச்சு. கோமளம் இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, "பாத்தியா, எல்லாம் உன் விரல் பண்ண வேலை"ன்னு சொன்னா. சொல்லிட்டு அவ பாட்டுக்குக் கீரை பறிக்கப் போயிட்டா. வஞ்சி அங்கயே நின்னா. விரலைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்புறம் அதை மெள்ள உள்ள மடக்கிக்கிட்டா.

"..."

"ம்" எங்க? தூங்கிட்டியா?

"இல்ல. சொல்லு."

சொல்றேன். அப்புறம் ரெண்டாவது பிஞ்சு வந்துச்சு. வஞ்சி கிட்டவே போகல. தண்ணி டேங்க் பக்கத்துல தள்ளி நின்னு, மடக்கின கையை முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டு எட்டிப் பாத்தா. கோமளம் யோசிச்சா, போன தடவை தாகத்துல விழுந்திருக்குமோன்னு. மத்தியானம் எட்டிப் பாத்தா பரங்கி இலையெல்லாம் குடை மடக்கினாப்ல தொங்குது. "ஐயோ, செத்துப்போச்சு"ன்னு ஒரு குடத்தைக் கொண்டுபோய்க் கவுத்தா. பைத்தியக்காரி. மத்தியான வெயில்ல பரங்கி இலை தொங்கினா அதுக்குத் தாகம்னு அர்த்தம் இல்ல. அது படுத்துத் தூங்குது. சாயந்திரம் வெயில் இறங்கினதும் தானா எழுந்துக்கும். சாயந்திரமும் எழுந்துக்கலைன்னா, மண்ணுல ரெண்டு விரல்கடை ஆழம் தோண்டிப் பாத்து, காஞ்சிருந்தாத்தான் தண்ணி. தூங்கற புள்ளையை எழுப்பி யாராவது தண்ணி குடிக்க வைப்பாங்களா?

"நீ எழுப்புவியே."

அது காய்ச்சல் வந்தப்போ. அது வேற. அப்புறம் மூணாம் நாள் என்ன ஆச்சு? அதுவும் மஞ்சளடிச்சுது. "பொத்". கோமளம் திரும்பி வஞ்சியைப் பாத்தா. வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லல. ஆனா பாத்தா. அந்தப் பார்வை போதும், வஞ்சி கடகடன்னு படியிறங்கி ஓடிட்டா.

அன்னியிலேர்ந்து அந்தப் புள்ளை மாடிப்படியில காலே வெக்கல. சாயந்திரம் தரையில தண்ணி தெளிக்கற சத்தம் கீழ கேக்கும், "ஸ்ஸ்ஸ்"னு. இவ வீட்டுக்குள்ள, மடக்கின கையைத் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. நாலு விரல்ல சாப்பிட்டா. நாலு விரல்ல தலை வாரிக்கிட்டா. அந்த வீட்டுப் பூனை குட்டி போட்டிருந்துச்சு, மூணு குட்டி, கண்ணு கூடத் திறக்கல. மத்தப் புள்ளைங்கல்லாம் தடவிப் பாத்துச்சுங்க. வஞ்சி மட்டும் தூர நின்னா. தன் கை பட்டா எது கெட்டுப்போகுமோன்னு அவளுக்கு ஒரே பயம்.

"பெரிம்மா."

ம்?

"அவ வீட்ல பாப்பா இருந்துச்சா?"

பாப்பாவா? இல்லையே. பூனைக்குட்டிதான். ஏன்டி கேக்கற?

"அப்பா போன்ல சொன்னாங்க. பாப்பா பச்சப் பிஞ்சாம். பாத்துத் தொடணுமாம்."

அடி என் கண்ணே. அதுக்கா நீ வரமாட்டேன்ன?

இங்க வா. கிட்ட வா. எனக்கு விரல் விஷயம் தெரிஞ்சுபோச்சு, இது தெரியலையே. பிஞ்சுன்னு ஒரு வார்த்தை, அதைப் புடிச்சுக்கிட்டு எங்க போயிருக்க பாரு. அழாத. அழு, பரவால்ல, என் முந்தானையில துடைச்சுக்கோ. கதை இன்னும் முடியல. முடியற வரைக்கும் கேளு, அப்புறம் வர்றதும் வராததும் உன் இஷ்டம். நான் கூப்பிட மாட்டேன். "ம்" சொல்லு.

"ம்."

அப்போ மூணாவது பிஞ்சு வந்துச்சு. இந்தத் தடவை கோமளம் ஒரு குறையும் வெக்கல. நாலு குச்சி நட்டு, பழைய நூல் சேலையைக் கட்டி நிழல் போட்டா. வேப்பிலைச் சருகு, வாழைச் சருகு, தேங்காய் நார், எல்லாத்தையும் மண்ணுமேல பாய் விரிச்சாப்ல பரப்பினா. அப்படிப் பரப்பினா ஊத்தின தண்ணி ஆவியாப் போகாது, ஒரு குடம் ஊத்தற இடத்துல அரைக்குடம் போதும். அரிசி கழுவின தண்ணியை ஒரு சொட்டு வீணாக்கல. கறிவேப்பிலைக்குப் புளிச்ச மோரைக் கரைச்சு ஊத்தினா. பரங்கிக்குக் கடலைப் புண்ணாக்கை ஊறவெச்சு ஊத்தினா. அது நாறின நாத்தத்துல பக்கத்து மாடிக்காரங்க துணி காயப்போட வரல. அவ்வளவும் செஞ்சா. விரலும் கிட்ட இல்ல, விரல்காரியும் மாடியில இல்ல.

மூணாம் நாள் "பொத்".

அப்போதான் கோமளம் அந்த டிரம் பக்கத்துல உக்காந்தா. உக்காந்து யோசிச்சா. புள்ளைதான் மேல வரவே இல்லையே, அப்போ எந்த விரல் படியேறி வந்துச்சுன்னு. அவளுக்கு அந்த நிமிஷமே புரிஞ்சுபோச்சு தங்கம். கீழ இறங்கிப் போய், "வஞ்சி, அது உன் விரல் இல்லடி"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லல. வாய்வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டா. பெரியவங்களுக்கு அப்படி ஒரு வியாதி உண்டு. தப்பா ஒண்ணு சொல்ல ஒரு மூச்சு போதும், சொன்னது தப்புன்னு சொல்ல மூணு நாள் ஆகும்.

"ம்."

அப்புறம் மறுநாள் விடிகாலை. கோமளம் தூங்கறா. காக்கா கூட இன்னும் எழுந்துக்கல. வஞ்சி பூனை மாதிரி படியேறி மேல வந்தா. எதுக்கு வந்தா தெரியுமா? கொடிகிட்ட மன்னிப்புக் கேக்க. தூரமா நின்னு, "இனிமே உன்னைப் பாக்கவே மாட்டேன், நீ நல்லபடியா காய்"னு சொல்லிட்டுப் போயிடலாம்னு வந்தா. அப்போ ஒரு சத்தம். "ஙொ... ஙொ... ஙொய்..."

என்னடான்னு பாத்தா, காக்காய்க்குத் தண்ணி வெச்சிருந்த சட்டியில ஒரு தேனீ விழுந்து தத்தளிக்குது. தண்ணி குடிக்க வந்துச்சு போல. சட்டி ஆழம், நிக்க இடமில்ல, காலு வழுக்கிடுச்சு. வஞ்சிக்கு மனசு கேக்கல. கைய நீட்டினா, சட்டுன்னு இழுத்துக்கிட்டா. ஒரு காஞ்ச இலையை எடுத்துத் தண்ணியில மிதக்க விட்டா. தேனீ தத்தித் தத்தி அதுமேல ஏறி, சிறகை உதறிக்கிட்டு உக்காந்துச்சு.

"விரலை நீட்டியிருந்தா சட்டுன்னு ஏறியிருப்பேனே"ன்னு கேட்டுச்சாம் தேனீ.

"என் விரல் பட்டா அழுகிடும்"னா வஞ்சி.

"யாரு சொன்னா?"

"எங்க அத்தை."

"உங்க அத்தை எப்பவாவது பூவுக்குள்ள போய்ப் பாத்திருக்காளா?"

வஞ்சி யோசிச்சா. அத்தை நல்ல பருமன். "இல்ல"ன்னா.

சிரிக்கிறியா? சிரி. அப்போ தேனீ சொல்லுச்சாம், "நான் தினம் போறேன். கேட்டுக்கோ. பரங்கியில ரெண்டு பூ உண்டு. நீளக் காம்புல வெறும் பூவா நிக்குதே, அது ஆம்பளைப் பூ. அடியில குட்டிக்காய் வெச்சுக்கிட்டு இருக்குதே, அது பொம்பளைப் பூ. ஆம்பளைப் பூவுல இருக்கற மஞ்சப்பொடி பொம்பளைப் பூவுக்கு வந்து சேரணும். சேந்தா அந்தக் குட்டிக்காய் பெரிசாகும். சேரலைன்னா மூணே நாள், மஞ்சளடிச்சு விழுந்துடும். அந்தப் பொடியைச் சுமக்கறதுதான் எங்க வேலை."

"அப்போ நீங்க ஏன் வரல?"ன்னு கேட்டா வஞ்சி.

"எப்படி வர்றது? உங்க அத்தை பூச்சிக்குன்னு வேப்பெண்ணெயைக் கரைச்சு, விடிஞ்சதும் விடியாததுமா பூவெல்லாம் நனையற மாதிரி புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிக்கிறா. கசப்பான வீட்டுக்கு எந்த விருந்தாளி வருவான்? வேப்பெண்ணெய் அடிக்கட்டும், வேணாம்னு சொல்லல. பூ மூடின அப்புறம், சாயந்திரமா, இலைக்கு அடியில அடிக்கச் சொல்லு"ன்னுச்சாம்.

பாத்தியா, கேட்டியா? பிஞ்சை விழவெச்ச கை யாரு கை? பழி வந்தது யாரு விரலுக்கு? விசிறியைக் கொஞ்சம் நீ புடி. சரி வேணாம், குடு, நானே வீசறேன்.

அப்புறம் தேனீ சொல்லுச்சு, "இன்னிக்கு ஒரு பொம்பளைப் பூ விரிஞ்சிருக்கு, சேலை மறைப்புக்குள்ள பாரு. கொடி வெயில்ல களைச்சுப்போச்சு, இந்தக் கோடைக்கு இதுதான் கடைசின்னு நினைக்கிறேன். வெயில் ஏறினா பூ மூடிக்கும். என் சிறகு நனைஞ்சுபோச்சு, காயறதுக்குள்ள நேரமாயிடும். நீதான் செய்யணும்."

"நானா?"

"உனக்குத்தான் விரல் இருக்கே."

வஞ்சி கைய மார்போட சேத்து வெச்சுக்கிட்டா. "வேண்டாம், இதுவும் அழுகிடும்"னா.

"நீ தொடலைன்னா கண்டிப்பா அழுகிடும். தொட்டா ஒருவேளை பொழைக்கும்"னு சொல்லுச்சாம் தேனீ. சொல்லிட்டு சிறகை உதற ஆரம்பிச்சிடுச்சு.

வெயில் எதிர்வீட்டுச் சுவத்துல இறங்கிட்டே வருது. வஞ்சி நின்னா, நின்னா, நின்னுக்கிட்டே இருந்தா. அப்புறம் விரலை நீட்டப் பாத்தா. இத்தனை நாளா மடக்கியே வெச்சிருந்தாளா, உடனே வரல. வலிக்குது. இன்னொரு கையால புடிச்சு மெள்ள மெள்ள நிமித்தினா. "மொடக்"னு ஒரு சத்தம். விரல் நிமிந்துச்சு. எங்க, நீ நிமித்திப் பாரு. வேணாமா? சரி, அப்புறம்.

நீளக் காம்புப் பூவுக்குள்ள விரலை விட்டா. எடுத்துப் பாத்தா நுனியெல்லாம் மஞ்சள், கடலை மாவுல தொட்டாப்ல. அப்படியே, அது உதிராம, மூச்சு கூட விடாம நடந்துபோனா. சேலை மறைப்பை விலக்கினா. பூ திறந்திருந்துச்சு. தேனீ அங்கேர்ந்தே சொல்லுச்சு, "மெதுவா. தூங்கற குழந்தை கன்னத்தைத் தொடற மாதிரி." வஞ்சி தொட்டா. ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு தடவை. அவ்வளவுதான்.

"அப்புறம்?"

அப்புறம் என்ன, காத்திருக்கறதுதான். தோட்டத்துல பாதி வேலை அதுதான் நேத்ராக்குட்டி. முதல் நாள் வஞ்சி போய்ப் பாத்தா, பூ சுருங்கிப்போச்சு, பிஞ்சு அப்படியே இருந்துச்சு. ரெண்டாம் நாள் பாத்தா, அப்படியே இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி பூரா அவளுக்குச் சரியா தூக்கம் இல்ல. மூணாம் நாள் படியேறும்போது ஒவ்வொரு படியிலயும் நின்னு நின்னு போனா. "பொத்" சத்தம் கேக்குமோன்னு காதைப் பொத்திக்கிட்டா. போய்ப் பாத்தா...

"விழுந்துடுச்சா?"

எலுமிச்சம்பழம் அளவு ஆகியிருந்துச்சு. பச்சைப் பசேல்னு, காம்பு கெட்டியா, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு.

வஞ்சி அங்கயே உக்காந்து அழுதா. நல்ல அழுகை. சத்தம் கேட்டு கோமளம் பதறிக்கிட்டு ஓடிவந்தா. பிஞ்சைப் பாத்தா. இவ நீட்டி வெச்சிருந்த விரலைப் பாத்தா. "என்னடி பண்ண?"ன்னு கேட்டா. வஞ்சி எல்லாத்தையும் சொன்னா, சட்டியில விழுந்த தேனீலேர்ந்து வேப்பெண்ணெய் வரைக்கும். கோமளம் கேட்டுக்கிட்டே நின்னா. அப்புறம் தன் விரலை நீட்டினா, நல்லா நேரா, அந்தப் பிஞ்சைப் பாத்து. "அதோ பாரு வஞ்சி, நீ காப்பாத்தினது"ன்னா. அவ வயசுக்கு அவ ஒரு பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினது அன்னிக்குத்தான்.

அப்புறம் அந்தக் காய் தேங்காய் அளவு ஆச்சு, குடம் அளவு ஆச்சு. கொடி தாங்காதுன்னு கீழ ஒரு சும்மாடு சுத்தி வெச்சு அதுமேல உக்கார வெச்சாங்க. சட்டியில கூழாங்கல்லு போட்டு, கல்லு தலை தெரியற அளவுக்குத் தண்ணி ஊத்தி வெச்சாங்க. இப்போ தேனீ வந்தா கல்லுமேல நின்னு ஜம்முனு குடிச்சிட்டுப் போகும். காய் பழுத்ததும் பறிச்சு, சாம்பார் ஒரு பங்கு, பால் கூட்டு ஒரு பங்கு, மிச்சம் அந்தத் தெரு பூரா. புண்ணாக்கு நாத்தம் தாங்கின பக்கத்து மாடிக்காரங்களுக்கு மட்டும் ரெண்டு துண்டு. பூனைக்குட்டிங்க? அதுங்க இப்போ வஞ்சி மடியை விட்டு இறங்க மாட்டேங்குதுங்க.

"ம்..."

கண்ணு சொருகுது பாரு. இரு, இன்னும் கொஞ்சம். இது கதை இல்ல, இது நான் உன்கிட்ட சொல்ல வேண்டியது.

முந்தாநாள் நம்ம மாடியில நீ பிஞ்சைக் காட்டின, இன்னிக்குக் காலைல அது விழுந்துச்சு. "உன் விரலால வந்தது"ன்னு நான் சொன்னேன். நான் சொன்னது தப்பு. தண்ணி லாரி வரல, வெயிலு, கடுப்பு, எங்கம்மா பேச்சு என் வாய்ல அப்படியே குடியிருக்கு, வந்துடுச்சு. இந்த வாரம் பூரா விடிகாலைல வேப்பெண்ணெய் அடிச்சது யாரு தெரியுமா? நான்தான். எங்கம்மா சும்மா ஒண்ணும் சொல்லல. சின்னப் புள்ளைங்க ஆசையில பிஞ்சைத் தொட்டு, திருகி, பிச்சுப் போட்டுடுமேன்னு பயந்து சொல்லி வெச்ச பேச்சு. பிஞ்சைக் காப்பாத்தச் சொன்ன பேச்சை உன்னை அழ வைக்கச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சுடு கண்ணு.

உங்கப்பா பச்சப் பிஞ்சுன்னு சொன்னாரே, அது சரிதான். பாப்பா பிஞ்சுதான். கழுத்து நிக்காது, கண்ணு சரியாத் தெரியாது, நீ யாரு, நான் யாருன்னு ஒண்ணும் தெரியாது. ஆனா பொறக்கும்போதே அதுக்கு ஒண்ணு தெரியும். உள்ளங்கையில யாராவது ஒரு விரலை வெச்சா போதும், கபக்குனு புடிச்சுக்கும். நீ பொறந்தப்போ அப்படித்தான் என் விரலைப் புடிச்ச. விடவே இல்ல, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. உன் தம்பியும் மூணு நாளா கைய மூடி மூடித் திறந்துக்கிட்டு இருக்கான்னு உங்கம்மா சொன்னா. அக்கா விரலை மடக்கி வெச்சிருந்தா, அவன் எதைப் புடிப்பான்?

"பெரிம்மா... கை கழுவிட்டுத் தொடணுமா?"

ஆமா. சோப்புப் போட்டு, அஞ்சு விரலையும்.

"நாலு மணிக்கு எழுப்பு."

எழுப்பறேன். மேல பரங்கி இலையெல்லாம் படுத்திடுச்சு, வெயில் இறங்கினதும் அதுங்களும் எழுந்துக்கும், நீயும் எழுந்துக்குவ. தண்ணி ஊத்திட்டுக் கிளம்பலாம். அட, என்ன இது, என் கையைப் புடிக்கிற? ஓ, விரலா. நிமித்திட்டியா? சரி, வெச்சுக்கோ, இங்கயே வெச்சுக்கோ.

கதை பழுத்துச்சு, காம்பு விட்டுச்சு. கண்ணை மூடு.